ஜன்னலோரம் ஒரு கன்றுக்குட்டி

"அம்ம்ம்மா...!"

ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு வெளியே இன்றும் அந்தக் கன்றுக்குட்டி கத்தியது. உள்ளே தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாச்சியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் அவள் பால் டெஸ்ட் பார்ப்பவள். நாலு மாதப் பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாரிடம். டப்பாப் பால் கொடுத்தால் அதற்கு வயிற்றால் போகிறது. இவளோ மூன்றரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நாற்பது மில்லிதான் தேறும். ஊர் மாடெல்லாம் குடம் குடமாகக் கறக்கிற இடத்தில் இது என்ன கொடுமை!

சொசைட்டிக்கே விஷயம் தெரியும். ஆளாளுக்கு யோசனை. பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் தின்று பார்த்துவிட்டாள். செக்ரட்டரி ஹரிகிருஷ்ணன் மட்டும், "பருத்திக்கொட்டை..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் மூன்று நாளாகக் கன்றுக்குட்டி வேறு. கொண்டுவந்து கட்டுவது சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பால்பாண்டி. போன வாரம்தான் அவர் பாலில் தண்ணீர் இருக்கிறதென்று கேனோடு திருப்பி அனுப்பியிருந்தாள்.

"பழி வாங்குதாரு சார்! நான் உள்ள போனாப் போதும், அது கத்த ஆரம்பிச்சிருது."

"அது அதோட அம்மாவக் கூப்பிடுது. ஒனக்கு என்னம்மா?" என்றார் செக்ரட்டரி.

இன்று பொறுக்க முடியவில்லை. பாட்டிலை மூடி, கையில் பிடித்தபடியே வெளியே பாய்ந்தாள்.

பால்பாண்டி கன்றுக்கு எட்டாமல் புல்லைக் காட்டிக் காட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அது கத்தியது.

"அண்ணாச்சி! தண்ணி ஊத்துனது நீங்க, தண்டனை எனக்கா? ஒரு பொம்பள செத்த நேரம் நிம்மதியா உக்கார வேண்டாமா?"

அவர் அசரவில்லை.

"இன்னைக்கு எம்புட்டு தாயி?"

நாச்சியார் அப்போதுதான் பாட்டிலைப் பார்த்தாள். தொண்ணூறு மில்லி! நேற்று எழுபது. முந்தாநாள் ஐம்பத்தைந்து. பூண்டு வேலை செய்கிறதென்றல்லவா நினைத்திருந்தாள்!

"தொ... தொண்ணூறு."

பால்பாண்டி புல்லைக் கன்றின் வாயில் கொடுத்து, அதன் கழுத்தைத் தடவினார்.

"பிள்ளை சத்தம் கேட்டாத்தான் தாயி பால் எறங்கும். ஒம் பிள்ளைய இங்க கொண்டுவர முடியல. அதான் எம் பிள்ளையக் கூட்டிட்டு வந்தேன்."