நன்றி சொன்னால் சாகும் செடி

ஆர்டிஸ் அம்மாள் கூம்புப்பூத் தூரை டெல்மரின் கையில் வைத்தார். நெப்ராஸ்காவின் ஈரமண் ஒட்டியிருக்க, அது பழைய செய்தித்தாளில் பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றப்பட்டிருந்தது. அந்த அம்மாளின் வலது கட்டைவிரலில் ஒரு துணிக்கட்டு.

"இதுதான்யா கடைசி. இதையும் நீ நன்றி சொல்லிக் கொன்னேன்னு வை, அப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன். ஆமா."

டெல்மர் ஹாவ்லிக் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

அந்த ஊரில் செடி கொடுத்தவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் செடி செத்துப்போகும். வாங்குகிறவர் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்பார். கொடுத்தவர், "வந்தா நல்லதுதான்" என்பார். விவகாரம் முடிந்தது.

டெல்மருக்கு மட்டும் இது கைவரவில்லை. பிறவியிலேயே நன்றி சொல்கிற வாய். நல்ல பல்லைத் தவறிப் பிடுங்கிய வைத்தியருக்கு நன்றி சொன்னவர். ஒருமுறை சூறாவளி அவருடைய கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய், மூன்றாம் நாள் கோழிகளோடும் பதினோரு முட்டையோடும் அதே இடத்தில் திருப்பி வைத்தது. தொப்பியைக் கழற்றி அதற்கும் நன்றி சொன்னார். முட்டையைச் சாப்பிட்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

அடுத்த வீட்டு ஆர்டிஸ் அம்மாள் முதன்முதலில் தூர் கொண்டுவந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கும் வாய் தவறிவிட்டது. மூன்றாம் நாள் முயல் வந்து, நட்ட தடம் தெரியாமல் தின்றுவிட்டுப் போனது.

முயலை யாரும் குறை சொல்லவில்லை.

மறு வசந்தம் அந்த அம்மாள் இன்னொரு தூரோடு வந்தார். முதலில் திட்டினார். திட்டியதில் மூச்சு வாங்கி வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததால் காப்பி குடித்தார். காப்பி இருந்ததால் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி மூன்று தின்றார்.

டெல்மரின் மனைவி போய் ஒன்பது வருஷம். அந்த இரண்டாவது நாற்காலி சூடானது அன்றைக்குத்தான்.

அதனால் அன்று அவர் நன்றி சொன்னது வாய் தவறி அல்ல.

கஷ்டம் என்னவென்றால், அந்தச் செடிக்கு ஊர் வழக்கம் தெரியவில்லை. தளதளவென்று வளர்ந்தது. விட்டால் ஜூலையில் ஊதா இதழ்களைப் பாவாடை மாதிரிக் கீழே தொங்கவிட்டு, நடுவில் முள்ளம்பன்றித் தலையை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூன் கடைசியில் டெல்மர் அதைப் பெயர்த்துக் கார் ஷெட்டுக்குப் பின்னால் நட்டார். முன்பாத்தியில் வெறும் குழியைக் காட்டி, "செத்துப்போச்சுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். கூம்புப்பூவுக்கு வேர் ஆழம். இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். இது கோபித்துக்கொள்ளவில்லை. அதற்காக அதற்கும் ஒரு நன்றி சொல்லிவைத்தார்.

வருஷத்துக்கு ஒன்றாக இப்படியே போனது. ஒரே ஒரு இடைஞ்சல். ஷெட்டுக்குப் பின்னால் மூன்று தூர் சேர்ந்தபிறகு எண்ணிக்கை ஏறவேயில்லை. ஒன்று நட்டால், அடுத்த வசந்தத்தில் ஒன்று வேரோடு காணாமல் போனது.

வளையெலி வேலை. மண்ணுக்குள் இருந்தபடியே முழுச்செடியையும் கீழே உருவிக்கொள்கிற ஜென்மம் அது. இந்த வருஷம் பனி உருகியதும் டெல்மர் ஒரு இரும்புப் பொறி வாங்கி அங்கே மறைத்துவைத்தார்.

இப்போது தூர் கையில் கனத்தது.

நன்றி சொன்னால் அந்த அம்மாள் வரமாட்டார். சொல்லாவிட்டால் செடி பிழைத்துவிடும். பிழைத்த செடி இருக்கிறவனுக்கு இன்னொன்று எதற்கு? அப்போதும் வரமாட்டார். சொல்லாமலே செத்துவிட்டது என்று கதை விட்டால், அந்த முயல்கூட நம்பாது.

உள்ளே அடுப்பில் காப்பி கொதிக்கிற சத்தம் கேட்டது.

டெல்மர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழை வரும்போல" என்றார்.

ஆர்டிஸ் அம்மாள், "வந்தா நல்லதுதான்" என்று சொல்லவில்லை. அவருடைய முகம், தண்ணீர் காணாத இலை மாதிரிச் சுருங்கியது. நாற்காலியைப் பார்த்தார். காப்பி வாசம் வந்த கதவைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார். "வேற ஒண்ணும் வாயில வரலையாக்கும்?"

டெல்மரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நன்றிங்க. ரொம்ப ரொம்ப நன்றிங்க."

"போச்சு! கொன்னுட்டியே, பாவி மனுஷா!"

ஆர்டிஸ் அம்மாள் விறுவிறுவென்று படியேறிப் போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கொலாச்சித் தட்டை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் தோட்டத்துல கூம்புப்பூ அத்துப்போயி மூணு வருஷமாச்சுய்யா" என்றார், கட்டுப் போட்ட விரலை ஊதிக்கொண்டே. "அடுத்த வசந்தத்துக்குள்ள அந்த ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கிற பொறியை மட்டும் எடுத்துடு."