எதிரணிக்காரி

“யாரு சார் அந்த நெட்டை? என் பொண்ணு இப்பத்தான் வாயைத் திறந்தா. அதுக்குள்ள எழுந்து நிக்கிறா?”

அம்மா கேட்டது பக்கத்து நாற்காலியில் இருந்த விவாதப் பயிற்சி சாரிடம். மெதுவாகக் கேட்டதாகத்தான் அவளுக்கு நினைப்பு. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் அறிவிப்பு சொல்கிற குரல், அதற்கு மெதுவாகப் பேச வராது.

சார் குனிந்து சொன்னார். “விதிதாம்மா அது. ஒருத்தர் பேசும்போது எதிரணி எழுந்து நிக்கலாம். பேசறவங்க சரின்னா ஒரு கேள்வி கேக்கலாம். பிடிக்கலைன்னா ‘உட்காருங்க’ன்னு சொல்லிடலாம்.”

“சொல்லுவாளா இவ?”



மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். வாசப்படி தாண்டிவிட்டால் வாய்க்குப் பூட்டு. வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட கையை மட்டும் தூக்குவாளாம். வருஷா வருஷம் சின்ன வகுப்புகளுக்கு விவாதம் பழக்குகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மாதான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டாள். “உனக்காக ஒரே ஒரு தடவை. சொதப்பிட்டேன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை மேடை ஏறச் சொல்லக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகள் வந்திருக்கிறாள்.

தலைப்பு, ‘வீட்டுப்பாடம் வேண்டாம்.’ வணக்கம் சொன்னாள், தலைப்பைச் சொன்னாள், அதோடு நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் நெட்டை எழுந்தாள்.

“எதிர் ஸ்கூல் பொண்ணு, எட்டாவது படிக்கிறா. போன வருஷமே பேசினவ” என்றார் சார்.

“அதான் இந்தத் திமிர்.”

மேடையில் மகள் என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டிவைத்தாள். நெட்டை நிதானமாகக் கேட்டாள்.

“வீட்டுப்பாடம் இல்லைன்னா, பசங்க சாயங்காலம் என்னதான் செய்வாங்க?”

அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். மகள் கீழே அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மாகூடப் பேசுவேன்” என்றாள். சபை லேசாகச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “அம்மா வேலை முடிஞ்சு வரும்போது நான் எழுதிட்டிருப்பேன். நான் முடிக்கும்போது அம்மா தூங்கிடுவாங்க. எங்களுக்குன்னு நேரமே இல்லை.”

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு வாக்கியம் போனது. மறுபடி மகள் நின்றாள். மறுபடி நெட்டை எழுந்தாள்.

“வீட்ல சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இருப்பாங்களே, அப்புறம் என்ன கஷ்டம்?”

“எல்லார் வீட்லயும் இருக்க மாட்டாங்க” என்றாள் மகள், இந்தத் தடவை பட்டென்று. “இருக்கறவங்களுக்கு முழு மார்க். இல்லாதவங்களுக்குத் திட்டு. ஒரே கணக்குக்கு ரெண்டு நியாயமா?”

“அவளை உட்காரச் சொல்லேன்டி” என்று அம்மா பல்லைக் கடித்தாள். மகள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் போல. மூன்றாவது தடவை நெட்டை எழுந்தபோது, “கேளுங்க” என்று அவளே கையை நீட்டினாள்.

“அப்போ யாருமே சொந்தமா எழுதறதில்லைன்னு சொல்றீங்களா?”

“காலையில எங்க ஸ்கூல் பஸ்ல ஏறிப் பாருங்க. ஒருத்தர் எழுதினதை மீதிப் பேர் காப்பி அடிச்சிட்டிருப்போம். வீட்டுப்பாடம்னு பேரு, வீட்ல யாரும் எழுதறதில்லை.”

அரங்கம் குலுங்கியது. நடுவரே சிரித்துவிட்டார். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் வாயாடி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இறக்காத குறைதான்.

முடிவு சொன்னார்கள். மகளின் அணி ஜெயித்திருந்தது. ஆனாலும் அம்மாவுக்கு ஆறவில்லை. என் பிள்ளை கெட்டிக்காரி, சமாளித்துவிட்டாள், இதே வேறொரு பிள்ளையாக இருந்தால்? நேராக வராந்தாவுக்குப் போய் நெட்டையை மடக்கினாள்.

“ஏம்மா, உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா இப்படித்தான் பண்ணுவியா? சின்னப் பொண்ணு பேச்சு வராம தவிக்கிறா, மூணு தடவை எழுந்து நிக்கிறே. அப்படி என்ன ஜெயிக்கற வெறி?”

வராந்தா முழுக்க எதிரொலித்தது. நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாரி ஆன்ட்டி.”

அதற்குள் அவளுடைய மிஸ் விறுவிறுவென்று வந்தார். அம்மாவை அவர் கவனிக்கவே இல்லை.

“உனக்கு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? எதிராளி திணறும்போது எழுந்திருக்கவே கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே இன்னிக்கு நாம ஜெயிச்சிருப்போம். கேள்வியா கேட்டே நீ? ஒவ்வொரு தடவையும் அவ பேசறதுக்கு விஷயத்தை எடுத்துக் கொடுத்திருக்கே. உன்னால உன் டீமே தோத்துப்போச்சு.”

பொரிந்து தள்ளிவிட்டு மிஸ் போய்விட்டார்.

அம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே, அரங்கத்தில் மகள் யாரிடமோ ஓயாமல் வளவளத்துக்கொண்டிருக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. வீட்டில் கேட்கிற அதே வளவளப்பு.

பஸ் நிலையக் குரல் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தணிந்தது.

“தெரிஞ்சேதான் எழுந்தியாம்மா?”

நெட்டை காலால் தரையைத் தேய்த்தாள்.

“போன வருஷம் நானும் இப்படித்தான் ஆன்ட்டி, பேச்சு வராம நின்னேன். மணி அடிக்கற வரைக்கும் யாருமே எழுந்திருக்கலை.”