நீல பக்கெட்

"வரமாட்டேன்டா. இதோ, என் ராங்க்கு கூப்டப் போறாங்க."

"வரமாட்டியா? உன்னக் கையோட கூட்டிக்கினு வரச் சொல்லிட்டாரு நைனா. எழுந்திரு அக்கா."

திருப்பதி யுனிவர்சிடியில், கவுன்சிலிங் ஹாலுக்கு வெளியே நின்றவர்கள் முரளியை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நகரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு அவனுக்கு. போதாததற்குக் கையில் ஒரு நீல பக்கெட், வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டியது. அது இடிக்காத முழங்கால் பஸ்ஸில் இல்லை.

காலையில் நரசிம்மன் மாமா தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார். அதற்கு முன்பே அக்கா பிரியங்கா முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். மாமாவின் தறியில்தான் நைனாவுக்கு வேலை. "யாரக் கேட்டு யுனிவர்சிடிக்குப் போனா?" என்று அவர் எதிரில் நைனா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"அஞ்சு வருஷ எம்.எஸ்சி.டா. இன்டர் ரெண்டு வருஷம் முடிச்சா நேரா சேரலாம். ஹாஸ்டலும் உண்டு. இத வுட்டா எனக்கு மாமா ஊடுதான்."

"அஞ்சு வருஷமா? என்னால பத்தாவதே முடியல. அதெல்லாம் நைனாகிட்ட சொல்லு. இந்தா, புடி."

"இன்னாடா இது?"

"எனக்கின்னா தெரியும்? மாமா காபி குடிக்கறப்போ நைனா பின்வாசல்ல கூப்ட்டுக் குடுத்தாரு. உன் கையிலதான் குடுக்கணுமாம்."

அவள் துண்டை அவிழ்த்தாள். போர்வை. தட்டு, டம்ளர். துணி சோப்பு. அடியில் ஒரு புதுப் பூட்டு, அட்டைகூடப் பிரிக்காதது.

பிரியங்கா பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

முரளிக்கும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி வரப் போகிறவளுக்கு எதற்குப் பூட்டு? அவனுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். இது தெருவுக்கே தெரியும். நைனாவுக்கும் தெரியும். அதனால்தான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே அவள் பெயரைத் தெலுங்கில் கூப்பிட்டார்கள். பக்கெட்டை அவன் கையிலேயே திணித்துவிட்டு ஓடினாள்.

போன் அடித்தது. நைனா. பக்கத்தில் மாமாவின் இருமல்.

"இன்னாடா, கிளம்பிட்டீங்களா?"

"வரமாட்டேன்னு சொல்லிட்டா நைனா."

அது பொய்யில்லை.

"வரமாட்டாளா? கையப் புடிச்சி இழுத்துக்கினு வாடா."

"கையில பக்கெட்டு இருக்குதே நைனா."

அந்தப் பக்கம் மாமா மறுபடியும் இருமினார்.

"அதக் கீழ போட்டுட்டு இழுடா," என்றார் நைனா, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி.

முரளி வாட்ச்மேனிடம் ஹாஸ்டலுக்கு வழி கேட்டான். பக்கெட்டைக் கீழே போடவில்லை.