ஏழு பேரில் ஒருவர்

செல்லதுரை நான்காவது மண்டையோட்டையும் நக்கிப் பார்த்தான்.

அதிலும் தேயிலைச் சாயா ருசிதான்.

படகுத்துறையில் எரணாகுளம் படகு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கமலாக்ஷி டீச்சர் அதில்தான் வருவார். அதற்குள் இந்த ஏழில் அசல் எது என்று தெரிந்தாக வேண்டும்.

"நல்லா அழுத்தி நக்கு தம்பி" என்றாள் ஒச்சம்மாள். "சர்க்கரை நான் போடலை. தைரியமா நக்கலாம்."

களமசேரியில் பாடம் நடத்தும் டீச்சர் போன வாரம் துண்டில் சுற்றி ஒரு மண்டையோட்டைக் கொண்டுவந்திருந்தார். நெற்றி பின்னுக்குச் சரிந்து, புருவத்து எலும்பு கூரை மாதிரி முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. மனிதன் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"பீகிங் பக்கம் ஒரு குகையில் கிடைச்ச ஆள். அஞ்சு லட்சம் வயசு. பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஆறு வேணும்" என்றார்.

சீனாக்காரர் என்றதும், "நம்ம கரையில மீன் பிடிக்கிற சீனவலையோட வந்தவரா?" என்று கேட்டவள் ஒச்சம்மாள்தான்.

செல்லதுரை அச்செடுத்து பிளாஸ்டரில் ஆறு வார்த்தான். அது வரைக்கும் தப்பு நடக்கவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் வேலை பார்ப்பது பழம்பொருள் கடை. அங்கிருந்து எதுவும் புதிதாக வெளியே போகக் கூடாது. நேற்றுச் செய்த பிள்ளையாரும் சாயாவில் ஊறி, மண்ணில் உருண்டு, முந்நூறு வருஷத்துப் பிள்ளையாராகத்தான் வாசல் தாண்டுவார். ஊறப்போடுவது ஒச்சம்மாள் வேலை. கை வழக்கத்தில் பலகை மேல் இருந்த ஏழையும் சேர்த்துத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

ஏழும் ஒரே நிறத்தில் எழுந்து வந்தன.

பக்கத்து மிளகுக் கடைத் தராசிலும் வைத்துப் பார்த்தாயிற்று. பெரிய வித்தியாசம் இல்லை. சுரண்டிப் பார்க்கலாம். அசலைச் சுரண்டிவிட்டால்?

கல்லாகிப்போன எலும்பு நாக்கில் ஒட்டும் என்று டீச்சர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். கடைசி நம்பிக்கை அது.

முதல் நான்கைப் போலவே ஐந்தாவதும் ஒட்டியது. ஆறாவதும் ஒட்டியது. ஏழாவதும்.

"பொருளுக்கு ஏதாச்சும் ஆனா உன் வேலை போச்சு" என்று முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் அவன் நினைத்தது வேலையை அல்ல. ஐந்து லட்சம் வருஷம் மழைக்கும் மண்ணுக்கும் தப்பி வந்த ஒரு ஆளை இவன் தொலைத்துவிட்டான். அதுவும் ஒரு தொட்டி சாயாவில்.

வாசலில் குடை மடங்கியது.

டீச்சர் வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அழகா வந்திருக்கே. இதுல நான் கொண்டுவந்தது எது?"

செல்லதுரை பலகையைப் பிடித்துக்கொண்டான். "தெரியலை டீச்சர். கலந்துபோச்சு. அசல் எதுன்னு கண்டுபிடிக்க முடியலை."

"அசலா?" டீச்சரின் புருவம் உயர்ந்தது. "கேட்டியோ செல்லதுரை, நான் கொண்டுவந்ததும் பிளாஸ்டர்தான்."

ஒச்சம்மாள் 'அப்பாடா' என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் உட்காரவில்லை. "அப்ப அசல் எங்க இருக்கு?"

டீச்சர் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது உலக யுத்த சமயத்துல, பத்திரமா இருக்கட்டும்னு அங்க இருந்தவா பெட்டியில அடைச்சு அமெரிக்காவுக்கு அனுப்பினா. போய்ச் சேரலை. நாப்பது வருஷமாகப் போறது, உலகமே தேடறது. அதுக்கு முன்னால யாரோ எடுத்துவெச்ச அச்சு மட்டும்தான் மிச்சம்."

செல்லதுரை ஏழு பேரையும் பார்த்தான்.

"எந்தக் கப்பல், டீச்சர்?"

"அது கப்பல்ல ஏறித்தா இல்லையான்னே யாருக்கும் தெரியாது."