அப்பா நம்பர்

இனியனின் சட்டைப் பையில் மறுபடியும் குளுக்கோஸ் தூள்.

சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை. போன வருஷம் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து வேளைக்கு வேளை ஊசி. ஒரு பிஸ்கட் கேட்டாலும் யோசித்து யோசித்துத்தான் கொடுக்கிறாள். இங்கே பள்ளிக்கூடத்தில் அள்ளிக் கொட்டுகிறார்களா?

மறுநாள் காலை கேட் அருகிலேயே வகுப்பு டீச்சர் சௌமியாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க மிஸ், சர்க்கரை இருக்கற புள்ளைக்கு யாரைக் கேட்டு குளுக்கோஸ் குடுத்தீங்க?”

“நாங்களா எதுக்குங்க குடுக்கறோம்? உங்க ஊட்டுல இருந்துதான் ஆபீசுக்குப் போன் வருது. ‘பையனுக்குச் சர்க்கரை இறங்குது, ஒடனே குளுக்கோஸ் குடுங்க’ன்னு.”

“எங்க ஊட்டுல இருந்தா? யாரு?”

“ஆம்பளைக் குரல்ங்க. பேரு கேட்டா, ‘மொதல்ல புள்ளையப் பாருங்க’ன்னு சத்தம் போடறாரு. குடுத்ததும் பையனும் தெளிஞ்சு ஓடிடறான்.”

“இனிப்பு குடுத்தா எந்தப் புள்ளைதானுங்க ஓடாது?”

இனியன் கையில் சர்க்கரையை அளக்கிற சென்சார் ஒட்டியிருக்கிறது. அது காட்டுகிற அளவை, புத்தகப் பைக்குள் இருக்கும் சின்ன மிஷின் சேலத்து ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு நேராக அனுப்பிவிடும். அங்கே அவன் பேரில் எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். ‘சர்க்கரை இறங்கினா அடுத்த நிமிஷம் உங்களுக்கு மெசேஜ் வந்துரும், தைரியமா இருங்க’ என்று சொல்லித்தான் ஒட்டி அனுப்பினார்கள்.

ஒட்டின நாளிலிருந்து ஒரு மெசேஜ்கூட வரவில்லை. வரவில்லை என்றால் இறங்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படியென்றால் போன் பண்ணியது கொழுந்தன் கலையரசன்தான். வரும்போதெல்லாம் சாக்லேட்டோடு வந்து நிற்கிற ஆள்.

“எம்புள்ளைய வெச்சு வெளையாடறயா கலை?”

“சத்தியமா நானில்லைங்க அண்ணி! அந்த ஸ்கூல் நம்பரே எனக்குத் தெரியாது.”

பொய் சொல்கிறான். சர்க்கரை இறங்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அச்சடித்து வாங்கி எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டியதுதான். திருச்செங்கோட்டில் பஸ் ஏறி, பொருமிக்கொண்டே சேலம் போய்ச் சேர்ந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அறிவுச்செல்வி இனியனின் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“இறங்கியிருக்குதுங்களே. இங்க பாருங்க, செவப்பா இருக்கறதெல்லாம். ஒரு நாள் நாப்பத்தஞ்சுக்கே வந்துருக்குது.”

நாற்பத்தைந்து. அந்தக் குளுக்கோஸ் மட்டும் இல்லையென்றால் வகுப்பிலேயே மயங்கி விழுந்திருப்பான்.

“அப்ப எனக்கு ஏங்க மெசேஜ் வரல? இத்தனை கம்ப்யூட்டர் வெச்சு என்னத்துக்கு? எம்புள்ளை உசுருங்க அது!”

“ஒவ்வொரு தடவையும் போயிருக்குதுங்க. அப்பா நம்பருக்கு. பதியறப்ப நீங்கதான சொன்னீங்க?”

சொன்னது அவள்தான். ‘அப்பா நம்பர் சொல்லுங்க’ என்றார்கள். சொன்னாள். எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையோடு நிற்பது என்னவோ எப்போதும் அவள்தான்.

ராய்ப்பூரில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியோடு இருக்கும் புருஷனைக் கூப்பிட்டாள். “ஏனுங்க, மெசேஜ் வந்தும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா?”

வண்டிச் சத்தத்துக்கு மேலே மதியழகன் கத்தினான். “எனக்கெங்க வந்துச்சு? எந்த நம்பரைக் குடுத்த?”

சொன்னாள். நிச்சயம் பண்ணின நாளிலிருந்து அவளுக்கு மனப்பாடமான நம்பர்.

“அந்த சிம்மைத்தான் இங்க வந்ததுமே தூக்கிப் போட்டேனே! புது நம்பர்லதான தெனமும் பேசற?”

பேசுகிறாள். போனில் பேரைத் தொட்டால் போகிறது. நம்பர் யாருக்குத் தெரியும்?

அந்தப் பழைய நம்பரை அழுத்தினாள்.

“யாருங்க?” ஆண் குரல்.

“இனியனோட அம்மா பேசறனுங்க.”

அவ்வளவுதான், கொட்டித் தீர்த்துவிட்டார்.

“இப்பத்தான் புள்ள ஞாபகம் வந்துச்சாம்மா? நான் நசுருல்லா, ஆத்தூர்ல மோட்டார் காயில் கட்டுறவன். இந்த சிம்ம வாங்கின நாள்லேருந்து ‘இனியனுக்குச் சர்க்கரை குறைவு, இனியனுக்குச் சர்க்கரை குறைவு’ன்னு மெசேஜ். ஆஸ்பத்திரில சொன்னா, பெத்தவங்க வந்தாத்தான் மாத்துவாங்களாம். மெசேஜ்ல ஸ்கூல் நம்பர் இருந்துச்சு. ‘நான் யாரோ பேசறேன்’னு சொன்னா போன வெச்சுடறாங்க. அதான் வீட்லேருந்து பேசறேன்னு பொய் சொன்னேன். தொழுகைக்குப் போனாக்கூட போன அணைக்க முடியல. நீங்கல்லாம் என்ன அம்மா?”

“இப்ப மாத்தத்தானுங்க வந்துருக்கேன்.”

“மாத்துங்க, மாத்துங்க. என்னைய விட்டாப் போதும்.” வைக்கப் போனவர் வைக்கவில்லை. “அப்ப... இனிமே பையன் எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது, இல்ல?”

அறிவுச்செல்வி விரலைத் தயாராக வைத்திருந்தாள். “அந்த நம்பரை அழிச்சுரட்டுங்களா?”

“எம்பட நம்பரை மேல போடுங்க. அது கீழயே இருக்கட்டும்.”

“யாருன்னு கேக்குதுங்க கம்ப்யூட்டர். என்ன முறை போடட்டும்?”

சரிதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தாய்மாமன்னு போடுங்க.”