மூன்றாவது பந்து

ஜூன் 12, புதன்கிழமை. மார்பு அறுவைப் பிரிவு, மூன்றாம் மாடி, ஏழாம் படுக்கை. உடைந்த விலா எலும்புகள் நான்கு. பொருத்திய தகடுகள் நான்கு. வெட்டு ஒன்று, விரல் நீளம்.

“இத்தனூண்டு வெட்டு வழியா நாலு எலும்பையும் சேர்த்துட்டாங்களாம். நம்ப முடியுதா?” கீழே போய் மருந்து வாங்கி வந்த மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“சுவரை இடிக்காம பைப்புக்குள்ள ஒயர் இழுக்கறோமே, அதே வேலைதான். கேமரா விட்டுப் பார்த்து, தகடு வச்சு முடுக்கியிருக்காங்க” என்றார் படுக்கையில் இருந்த எலக்ட்ரீஷியன்.

“பெரிய எலக்ட்ரீஷியன்! ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுட்டு, சொந்த வீட்டு பல்பை மாத்தறேன்னு ஏணியோட விழுந்தீங்களே.” இருமினாள். “அப்பாடா! மூணு மாடி ஏறினா யானைக்கும் மூச்சு வாங்கும்.”

பிசியோதெரபி பெண் மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் மூச்சுப்பயிற்சிக் கருவியை நீட்டினாள்.

“குழாயை வாயில வச்சு நல்லா உறிஞ்சுங்க, சார். மூணு பந்தும் மேல போனா நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

இரண்டு எழும்பின. மூன்றாவது அசைந்ததோடு சரி.

“வலிக்குதா?”

“வலியில்லம்மா. தகடு பிச்சுக்குமோன்னு பயம்.”

“பச்சைப்பிள்ளைகூட உறிஞ்சிடும்” என்றாள் மனைவி. “இவரை நம்பி மூணு நாளா நாற்காலியிலேயே தூங்கறேன்.”

“கட்டில் கொடுத்தும் படுக்க மாட்டேன்னுட்டாங்க. குடுத்து வச்சவர் சார் நீங்க” என்றார் எட்டாம் படுக்கைக்காரர்.

எலக்ட்ரீஷியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்க, நீ உறிஞ்சு பார்க்கலாம்!”

பிசியோதெரபி பெண் சிரித்துக்கொண்டே புதுக் கருவி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். மனைவி கன்னம் ஒட்ட உறிஞ்சினாள். முதல் பந்து பாதி எழும்பி விழுந்தது.

அவர் மார்பைப் பிடித்துக்கொள்ளாமலே வாய்விட்டுச் சிரித்தார். அதே வேகத்தில் தன் கருவியை எடுத்து உறிஞ்சினார். மூன்றும் மேலே முட்டி நின்றன.

“பார்த்தியா!”

பிசியோதெரபி பெண் அவரைப் பார்க்கவில்லை. மனைவியின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வீட்லயும் உட்கார்ந்துதான் தூங்குவீங்களா?”

“ஒரு மாசமா அப்படித்தான். படுத்தா மூச்சு முட்டுது. இவர்கிட்ட சொல்லல.”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை. பெண்கள் பிரிவு, நான்காம் படுக்கையில், நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த ஒன்றரை லிட்டர் நீரை வடித்தபின், அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். நாற்காலியில் அவர்.