மஞ்சள் ஒயர்

நாலு மணி பத்து நிமிடம்.

லேப்டாப் திரையில் பதினோரு ஒயர்கள் தொங்கின. சிவப்பு, பச்சை, நீலம். எல்லாம் வெறும் படம். மவுஸால் பிடித்து இழுத்தால் நீளும். விட்டால் நிஜ ஒயர் மாதிரியே ஆடும்.

அவள் பன்னிரண்டாவதை இழுத்தாள்.

மஞ்சள்.

ஐந்து மணிக்குள் சத்தம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் படத்தின் கடைசிக் காட்சிக்கு வேறு ஒருவர் இசையமைப்பார். டைட்டிலில் அவள் கணவன் பெயர் இருக்காது. டைரக்டர் இதை நேரில் சொல்லவில்லை. சவுண்ட் இன்ஜினியர் பெலிக்ஸிடம் சொல்லி அனுப்பினார். ரொம்ப வருத்தத்தோடு.

கணவன் இறந்து இருபத்திரண்டு நாள்.

அவன் இசையமைத்த பழைய சின்தசைஸர் மெஷின் பதினாறாம் நாள் இறந்தது. பெலிக்ஸ் சுவிட்சைப் போட்டான். புகை வந்தது. அவ்வளவுதான்.

இரண்டுக்கும் அவள் அழவில்லை.

கடைசிக் காட்சிக்கான ஸ்வரங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. இரண்டு நிமிடம். சத்தம்தான் இல்லை. ஸ்டுடியோவில் அவன் வாசித்துப் பதிந்த நாற்பது விநாடி இருந்தது. அதே சத்தம், அந்த மெஷினைத் திரையில் நகலெடுத்த இந்த சாஃப்ட்வேரிலிருந்து வர வேண்டும்.

டைரி இருந்தது.

அந்தப் பழைய மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு குமிழைத் தெரியாமல் திருப்பினால், ஒரு வாரம் தேடிப் பிடித்த சத்தம் போயே போச்சு. அவன் எழுதி வைக்கிற ஆளில்லை. அவள்தான் ஒவ்வொரு குமிழையும் கடிகாரமாக வரைந்து, முள் போட்டு வைப்பாள். இது இரண்டு மணி. இது பத்தரை. 'உன் ஜாதகக் கட்டத்தக் கொஞ்சம் காட்டு' என்பான் அவன், மறுநாள்.

கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திரையில் திருப்பினாள். சத்தம் வந்தது. கனமாக, லேசாகச் சுருதி விலகி. அவனுடையதுதான்.

ஆனால் ஒன்று குறைந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த நாற்பது விநாடியை மறுபடி கேட்டாள். அடியில் ஓர் இரைச்சல். மெல்ல ஏறியது. இறங்கியது.

டைரியைப் பார்த்தாள். இரைச்சல் குமிழ் ஏழு மணியில் இருந்தது. ஏழு மணி என்றால் பூஜ்யம்.

தப்பாக வரைந்திருக்கிறோம் என்று நினைத்தாள். டைரியை மூடினாள். காதை நம்பினாள்.

திரையின் மூலையில் அந்த இரைச்சலைத் தனியாகச் செய்தாள். நாலு விநாடிக்கு ஒருமுறை ஏற்றி இறக்கினாள். முடிகிற இடத்தில் பொடியாக ஒரு விசில். மூன்று முறைக்கு ஒருமுறை சின்னத் தடங்கல். அதற்கே நாற்பது நிமிடம் ஆனது. இப்போது அந்த மஞ்சள் ஒயரால் அதை ஸ்பீக்கரோடு சேர்த்தாள்.

பொருந்திவிட்டது.

சாம்பிள் அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் பெலிக்ஸ் கூப்பிட்டான். அச்சு அசல் என்றான். மெஷினை ஒளித்து வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டான். சிரித்தான்.

சிரிப்பு நின்றது.

"அண்ணி, அடியில ஒரு காத்து போவுதே. அத எதுக்குப் போட்டீங்க?"

பழைய பதிவில் இருக்கிறதே என்றாள்.



"அது மெஷின் இல்ல அண்ணி. அன்னைக்கு மெஷின்லேருந்து நேரா வர்ற லைன் போயிடுச்சு. ஸ்பீக்கர் முன்னாடி மைக் வெச்சுதான் எடுத்தோம். அண்ணன் மைக்க ஒட்டி உக்காந்துட்டாரு. ரயிலு மாதிரி மூச்சு வுடாதீங்கண்ணே, டேக் பூரா நீங்கதான் கேக்குறீங்கன்னு நான்கூடத் திட்டினேன்."

அவள் திரையைப் பார்த்தாள்.

"அந்த ஒரு ஒயர உருவிட்டு முழுசா அனுப்பிடுங்க அண்ணி. டைரக்டர் பக்கத்துலதான் இருக்காரு."

சரி என்றாள்.

ஒயரை உருவுவது சுலபம். நுனியைப் பிடித்து வெளியே இழுத்தால் போதும்.

அவன் போன அன்று காலையும் சுலபமாகத்தான் இருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். இனிமேல் அது வேண்டாம் என்றார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சுவிட்சை அவள்தான் அணைத்தாள். ஆக்ஸிஜன் மெஷின் ஒருமுறை கூவிவிட்டு நின்றது. மறுநாள் வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து அதைத் தூக்கிப் போனார்கள்.

அந்த சுவிட்சை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. போனைக்கூட ஹாலில்தான் சார்ஜ் போட்டாள்.

உருவினாள்.

இரைச்சல் நின்றது.

இரண்டு நிமிட இசையையும் ஓடவிட்டுப் பதிந்தாள். அனுப்பினாள். நாலு ஐம்பது.

ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குப் பெலிக்ஸிடமிருந்து மெசேஜ் வந்தது. ஓகே ஆகிவிட்டது. பெயர் இருக்கும்.

படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மஞ்சள் ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

சிவப்பை உருவினாள். பச்சையை. நீலத்தை. ஒவ்வொன்றாகப் பதினொன்றையும். இசை முழுக்கப் போனது.

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தத்தை அறைக்குள் விட்டாள்.

ஏறியது. இறங்கியது. பொடியாக விசில்.

மூன்றாவதில் தடங்கல்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. பேட்டரி நாலு சதவீதம்.

எழுந்துபோய் ஹாலிலிருந்து சார்ஜரை எடுத்து வந்தாள். கட்டிலருகே குனிந்தாள். சொருகினாள்.

சுவிட்சைப் போட்டாள்.